நாளுக்கு ஒரு படம்

(விளாங்குடியில் உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை பற்றியும் உரம் பற்றியும் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நான் பேச வந்தது கைபேசியில் படமெடுப்பது பற்றி. தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்தார். "படம் கல்யாண வீட்டில் எடுப்பார்கள், காதுகுத்தில் எடுப்பார்கள். கத்தரிச் செடிக்கு எதற்கப்பா படம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

எனக்குள்ள நிலம் நஞ்சை ஒன்றேகால் ஏக்கர், மல்லிகை 60 சென்ட். அந்த மல்லிகையில் ஓர் ஆண்டு செடிகள் மஞ்சளடித்தன. மல்லிகையில் மஞ்சள் கண்டால் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுண்டு. இரும்புச்சத்துக் குறைவு, அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளி என்பார்கள். நானும் தெளித்தேன். இரண்டாவது முறையும் தெளித்தேன். செடி தேறவில்லை. அந்தச் சமயத்தில் என் மகள் விளையாட்டாக ஒரு காரியம் செய்துவந்தாள். பள்ளிக்குப் புறப்படுமுன் மோட்டார் அறைத் திண்ணையில் ஏறி நின்று, தோட்டத்தை ஒரு படம் எடுப்பாள். நாளுக்கு ஒன்று. வகுப்பில் ஏதோ சொல்லிக்கொடுத்தார்களாம். ஒரு நாள் இரவு அந்தப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மஞ்சள் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வரவில்லை. வாய்க்கால் வாய்மடை அருகே ஒரே ஒரு செடியில் தொடங்கி, தண்ணீர் பாயும் போக்கிலேயே அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று நகர்ந்திருந்தது. முதல் செடி மங்கிய படத்துக்கும் நான் முதன்முதலாகக் கவனித்த நாளுக்கும் இடையில் பத்தொன்பது நாட்கள். அந்தப் பத்தொன்பது நாளும் நான் தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் மோட்டார் போடப் போனேன். தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது பெற்றவளுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து வருகிற மாமன்தான் "அடேயப்பா" என்பான். படம் அந்த மாமனைப் போல.

இரும்புச்சத்துக் குறைவென்றால் முதலில் இளந்தளிர் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். என் செடியில் அடியிலுள்ள முற்றிய இலைகள் முதலில் மஞ்சளாகி, பிறகு மேலே ஏறியிருந்தது. இதுவும் படத்தில்தான் தெரிந்தது. மறுநாள் காலை மண்வெட்டியால் ஒரு செடியைத் தோண்டினேன். வேர் அழுகியிருந்தது. அதைப் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினேன். வேரழுகல்தான் என்று சொல்லி, பாதித்த செடிகளைச் சுற்றிக் காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து வேர் நனைய ஊற்றச் சொன்னார். நோய் கண்ட செடியிலிருந்து தண்ணீர் நல்ல செடிக்குப் போகாதபடி பாத்தியை மாற்றிக் கட்டினேன். பதினொரு செடிகள் போய்விட்டன. மற்றவை பிழைத்தன. அந்தப் படங்களை நான் பத்து நாள் முந்திப் பார்த்திருந்தால் இரண்டு மூன்று செடிகளோடு முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. மருந்துக்கும் அன்னபேதிக்கும் செலவழித்ததைச் சொல்லவில்லை, அது போகட்டும்.

அன்றிலிருந்து நான் நாளுக்கு ஒரு படம் எடுக்கிறேன். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள்.

இப்படிச் செய்தவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். எடுத்தவுடன் தாளில் படம் வெளியே வருமே, அந்தப் போலராய்டு கேமராவில், 1979 மார்ச் 31 முதல் நாளுக்கு ஒரே ஒரு படம் எடுத்தார். சாப்பாட்டு மேசை, தெரு, நண்பர்கள், மழை என்று கண்ணில் பட்டதுதான். 1997 அக்டோபர் 25 அன்று புற்றுநோயால் இறக்கும் வரை எடுத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை சாதாரணப் படங்கள். வரிசையாகப் பார்த்தால் ஒரு மனிதரின் பதினெட்டு ஆண்டு வாழ்க்கை.

நம் நாட்டில் மா. கிருஷ்ணன் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதினார். திருவண்ணாமலையில் 2014-15இல் புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று, '365' என்ற பெயரில், அவ்வூரின் அன்றாட வாழ்வைப் படங்களாகச் சேர்த்தார்கள். நம் மதுரை ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த பழனிக்குமார், மீன் விற்கும் பெண்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் படமெடுத்து நாடறியப் பெயர் பெற்றிருக்கிறார். இவர்கள் எல்லோரும் கலைஞர்கள். நமக்குக் கலை வேண்டியதில்லை. சாய்ந்த படமானாலும் தேதியோடு இருந்தால் போதும்.

ஜப்பானில் கியோட்டோ நகரில் செர்ரி மரம் பூக்கும் நாளை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அரண்மனைக் குறிப்பு, துறவிகளின் நாட்குறிப்பு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்த கணக்கு அது. 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்றே மரங்கள் முழுப்பூவாகிவிட்டன. அதற்கு முந்தைய அத்தனை ஆண்டுக் கணக்கிலும் இவ்வளவு முந்திப் பூத்ததில்லை. பூமி சூடாவதை அந்த ஒரு மரம் சொல்லிவிட்டது. நம் வேம்பு எந்தத் தேதியில் பூத்தது என்று இந்தக் கூட்டத்தில் யாராவது சொல்ல முடியுமா? சித்திரை என்று சொல்வோம். தேதி சொல்ல மாட்டோம். பங்குனியிலேயே பூத்துவிட்டதா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வோம்.

எங்கள் அப்பாவுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது, அதன் பின்புறம் பென்சிலால் ஒரு வரி எழுதுவார். "தண்ணி வந்துச்சு." "நாத்துப் பாவினது." "செவலை ஈன்டுச்சு." அந்தத் தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். அவர் மறைந்த பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கம்பியைக் குப்பையோடு எறிந்துவிட்டோம். எறிந்தது நான்தான்.

சரி, எப்படி எடுப்பது என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, இடம் மாறக்கூடாது. வரப்பில் ஒரு கல்லையோ குச்சியையோ நட்டு, அதன்மேல் கைபேசியை வைத்து எடுங்கள். எதிரே அசையாத ஒன்று, ஒரு பனையோ மின்கம்பமோ, படத்தின் வலது ஓரத்தில் எப்போதும் இருக்கட்டும். அது இருந்தால்தான் பயிர் வளர்ந்ததும் சாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியும். இடம் மாறி மாறி எடுத்தால் நூறு படம் இருந்தும் இரண்டை ஒப்பிட முடியாது. நேரமும் அப்படியே. நான் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எடுக்கிறேன். வெயில் முதுகுப்புறம் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லா இலையும் வெளுத்துத்தான் தெரியும். இல்லாத நோயைக் கண்டுபிடித்து மருந்துக் கடைக்கு ஓடுவீர்கள்.

முகத்தை வெள்ளையாகக் காட்டும் வசதி இப்போது எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். மஞ்சள் இலையைப் பச்சையாக்கிக் காட்டும் கருவியை நம்பி என்ன பயன்?

இங்கே ஓர் எச்சரிக்கை. இலையின் நிறத்தைப் படத்தில் பார்த்து நெல்லுக்குத் தழைச்சத்து இடாதீர்கள். கைபேசி தானாகவே நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். அதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, பத்துச் செடிகளில் மேலே முழுதாக விரிந்த இலையை, உங்கள் உடம்பின் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுவது அந்த முறை. படம் அதற்கு மாற்று ஆகாது. வேண்டுமானால் அட்டையையும் இலையையும் சேர்த்து வைத்துப் படமெடுங்கள். அப்போது படத்துக்கும் மதிப்பு வரும்.

தினம் ஒரு படம் வயலுக்கு. பூச்சியோ நோயோ கண்டால் அன்று மட்டும் மூன்று படம் எடுங்கள். வயல் முழுவதும் ஒன்று, செடி முழுவதும் ஒன்று, பாதித்த பகுதி கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ தீப்பெட்டியையோ வைத்தால் அளவு தெரியும். நம்மில் பலர் கிழிந்த இலை ஒன்றை மட்டும், அதுவும் கலங்கலாக எடுத்து அனுப்பிவிட்டு, "என்ன மருந்து?" என்று கேட்கிறோம். அதைப் பார்த்து மருத்துவன் மகனாலும் சொல்ல முடியாது. இரகம், பயிரின் வயது, கடைசியாகத் தெளித்த மருந்து, கடைசியாகத் தண்ணீர் கட்டிய நாள் இவற்றையும் எழுதி அனுப்புங்கள். மல்லிகை மொட்டு ஊதாவாகக் கறுத்தால் மொட்டைப் பிரித்து உள்ளே எடுங்கள். கருந்தலையோடு பச்சைப் புழு இருந்தால் மொட்டுப்புழு. மொட்டின் அடி வீங்கி உள்ளே மிகச் சிறிய புழுக்கள் நெளிந்தால் அது பூ ஈயின் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஊதாதான். பிரித்துப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. நானும் வைத்திருக்கிறேன். சில சமயம் சரியாகச் சொல்கிறது. என் வேரழுகலுக்கு அது மூன்று பெயர் சொன்னது. இலையை மட்டும் பார்க்கிற கருவிக்கு மண்ணுக்குள் இருப்பது எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் மதுரை வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையத்துக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

இன்னொரு பயன் பயிர்க் காப்பீடு. இதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. படம் இருந்தாலே பணம் வந்துவிடாது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுவான மகசூல் இழப்பை அறிவிக்கப்பட்ட கிராமத்தின் அல்லது பிர்க்காவின் அறுவடைச் சோதனையை முதன்மையாக வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் தனி வயலின் படத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஆலங்கட்டி மழை போல ஓரிரு வயலை மட்டும் தாக்கும் சேதத்துக்கும், அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் மழையில் நனைந்துபோனாலும், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அங்கே படம் உதவும். எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில் எது அடங்கும் என்பதை விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆண்டு, கோ 51 நெல் அறுக்கப் பத்து நாள் இருக்கும்போது காற்று மழையில் சாய்ந்துவிட்டது. சாய்ந்த நெல்லை நாலாபுறமும் நின்று இருபது படம் எடுத்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "சாய்வதற்கு முன் இந்த வயலில் என்ன பயிர் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடங்கலும் கையில் இல்லை. சேதத்துக்குப் பின் எடுத்த படம் பாதிச் சாட்சிதான். சேதத்துக்கு முன் எடுத்தது மறுபாதி. நாளைக்கு மழை வரும் என்று தெரிந்து யாரும் இன்றைக்குப் படமெடுப்பதில்லை. தினம் எடுக்கிறவனிடம்தான் முந்தைய நாள் படம் இருக்கும். கைபேசியில் இடக்குறிப்பு வசதியைத் திறந்து வையுங்கள். எந்த இடத்தில் எடுத்தது என்பது படத்தோடேயே பதிந்துவிடும். நான் மாதம் ஒருமுறை அன்றைய தினசரிக் காலண்டர் தாளையும் கையில் பிடித்து எடுக்கிறேன். அப்பாவின் பழக்கம் வேறு உருவில் வந்திருக்கிறது.

பயிர் தவிர மற்றதையும் எடுங்கள். எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாக எடுப்பவர் என் வீட்டுக்காரி. விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் மொட்டு எடுக்கப் போகிறவர் அவர்தான். முதல் மொட்டுப்புழுவையும் முதல் செம்பேனையும் பார்ப்பவரும் அவர்தான். இத்தனை காலம் அவர் வந்து சொன்னதை நான் பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது படத்தைக் காட்டுகிறார். கேட்காமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு ஒரு கைபேசி இருந்து அது ஆண்பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருந்தால் இந்த வேலை பாதிதான் நடக்கும். இதைத் தாய்மார்கள் கைதட்டுவதற்காகச் சொல்லவில்லை.

நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்களைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் முகத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.

கண்மாய்க் கரையிலிருந்தும் வாரம் ஒரு படம் எடுக்கிறேன். தண்ணீர் வந்த நாள், மதகு திறந்த நாள், தரை தெரிந்த நாள் மூன்றும் அதில் இருக்கின்றன. வரத்து வாய்க்காலில் குப்பை அடைத்தது எந்த மாதத்தில் என்பதும் இருக்கிறது. "எப்போதுமே இப்படித்தான் இருந்தது" என்று ஒருவர் சொன்னபோது, ஓராண்டுப் படங்களை மாதவாரியாக அச்சடித்து மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். ஆட்கள் வந்தார்கள். பாதி தூரம் தூர்வாரினார்கள். மீதிப் பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கரைப் படங்களில் நான் தேடாத ஒன்றும் சேர்ந்துவிட்டது. விளாங்குடி 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். என் படத்தின் இடது மூலையில் பக்கத்து வயல் ஒன்று விழும். முதல் ஆண்டுப் படங்களில் அது நெல். அடுத்த ஆண்டு தரிசு. அதற்கடுத்து சீமைக்கருவேலம் முழங்கால் உயரம். பிறகு ஒரு நாள் பளிச்சென்று வெட்டவெளி. மறுவாரம் மஞ்சள் வர்ணம் பூசிய நான்கு கல். விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, தண்ணீர் வராத ஆண்டுகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கல்லை நட்டன. அவரே ஒரு நாள் வந்து, "நம்ம வயல் நெல்லோட இருந்த படம் ஒன்னு வேணும்" என்று கேட்டார். அறுவடைக்கு முந்தைய நாளின் படத்தை அச்சுப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் மாட்டியிருக்கிறார்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. எட்டு மாதப் படங்களோடு என் கைபேசி கிணற்றில் விழுந்தது. மோட்டார் வால்வைக் குனிந்து பார்த்தபோது சட்டைப் பையிலிருந்து போனது. கைபேசியை வாங்கிவிடலாம், அந்த எட்டு மாதத்தை எங்கே வாங்குவது? ஆகவே மாதம் ஒருமுறை படங்களை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒரு படம் 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டுப் படங்கள் ஒரு ஜி.பி.க்குச் சற்று மேலேதான் வரும். சிறிய மெமரி கார்டில் பல ஆண்டுப் படங்கள் அடங்கும். மாதத்துக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு படங்களை ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு, பின்புறம் தேதியும் இரகமும் எழுதி, பட்டாவும் வரி ரசீதும் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். கம்பியில் குத்த வேண்டாம்.

மழையில் எப்படி எடுப்பது என்று அந்தத் தம்பி கேட்கிறார். உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது மங்கல். எண்ணெய்ப் பாக்கெட்டும் வேண்டாம். புதுச் சட்டை வரும் மெல்லிய உறையில் கைபேசியைப் போட்டு, கண்ணாடிக்கு மேல் மட்டும் சிறு ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். தலையில் கொங்காணி போட்டுக் குனிந்தால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் போகட்டும். காய்ச்சலில் நான் ஆறு நாள் விட்டிருக்கிறேன்.

நான் கொண்டுவந்த படங்கள் வாசலருகே மேசைமேல் இருக்கின்றன. ஆடி முதல் தை வரை வரிசையாக வைத்திருக்கிறேன். கார்த்திகைப் படத்தில், மல்லிகைச் செடியின் கிளைக் கணுவில் பழுப்பு நிறத்தில் ஒரு முட்டைக் கூடு தெரிகிறது. தையிலும் அது அப்படியே இருக்கிறது. பயிருக்கு நல்லது செய்யும் பூச்சியினுடையதா, கெடுப்பதினுடையதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பூச்சியியல் ஆசிரியர் போவதற்கு முன் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கவாத்து வெட்டியபோது அந்தக் கிளையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.